சார்ஜ் குடுத்த கதை

ஜூன் 3, செவ்வாய்
எலெக்ட்ரிக் லாரிக்கு மாறி இரண்டு மாதம். முழங்கால் வலி விட்டிருக்கிறது; கிளச்சே கிடையாதே. துறைமுகத்திலிருந்து கலம்போலி யார்டு வரை நான் ஓட்டுகிறேன். அங்கிருந்து கண்டாலா மலையேறி சாக்கன் தொழிற்பேட்டை வரை இன்னொரு டிரைவர் நாகூர் கனி.

விலை டீசல் லாரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஓட்டுகிற செலவு குறைவு. அதனால் முதலாளி சேட்டுக்கு ஒரே மந்திரம்: வண்டி நிற்கக் கூடாது. டீசல் லாரி நின்றால் டீசலாவது மிச்சம், இது நின்றால் பேங்க் வட்டி மட்டும் ஓடும். போன வாரம் சார்ஜ் ஏற்றும் நேரத்திலும் பாதியை வெட்டிவிட்டார். பேட்டரியே சில டன் கனம், அந்த அளவுக்குச் சரக்கைக் குறைக்க வேண்டும். குறைப்பார்களா? பழைய லாரிக்கு ஏற்றிய அதே பாரம்தான்.

ஜூன் 5, வியாழன்
இன்று நடந்ததை எழுதினால்தான் ஆறும்.

மதியம் கலம்போலியில் சாவியைக் கனியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். செம்பூர் ஆபீஸிலிருந்து வந்தனா போன் செய்தாள். வண்டிகளை அனுப்புவது அவள் வேலை, இங்கே மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"சார்ஜ் குடுத்தாச்சா அண்ணா?"

"குடுத்தாச்சும்மா."

லாரி ஆபீஸில் சார்ஜ் கொடுப்பது என்றால் வண்டியை அடுத்த டிரைவரிடம் ஒப்படைப்பது. நான் வந்த நாள் முதல் அப்படித்தான். அவள் கேட்டது பேட்டரி சார்ஜையாம்! அதற்கு சார்ஜ் 'போட்டாச்சா' என்றல்லவா கேட்க வேண்டும்? இந்தியில் கேட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. தமிழர்கள் இரண்டு பேர் தமிழில் பேசியதால் வந்த வினை.

கனி வண்டியை சார்ஜரில் மாட்டப் போயிருக்கிறான். ஏற்கெனவே ஏற்றியாச்சு, கிளம்புங்க என்றிருக்கிறாள் வந்தனா. பாதிதான் இருக்கு என்று இவன் சொல்லியும், "சாக்கன் வரைக்கும் போகும்னு ஸ்கிரீன்ல காட்டுதே" என்றாளாம். அந்த ஸ்கிரீன் சமதரையில் ஓடிய கணக்கை வைத்துச் சொல்கிறது. மலையும் பாரமும் அதற்கு எப்படித் தெரியும்?

பாதி மலையில் நின்றுவிட்டது. பின்னால் மாட்டிக்கொண்ட, லோனாவ்லாவுக்குச் சுற்றுலா போகிற கார்க்காரர்கள் எல்லாரும் கனியின் அம்மாவை விசாரித்தார்களாம். கிரேன் வந்துதான் இழுத்தது.

ஜூன் 6, வெள்ளி
தப்பு என் மேல்தான் என்கிறார் சேட். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், அதுவரை பழைய டீசல் லாரிதானாம்.

நேரத்தை வெட்டியது யார்? பாரத்தை ஏற்றியது யார்? அதைப் பற்றி ஆபீஸில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். வந்தனா தலையே நிமிரவில்லை. படியிறங்கும்போது மட்டும் பின்னால் வந்து, "உங்க தமிழ் எனக்கு சரியா புரியல அண்ணா" என்றாள்.

என் தமிழாம்!

ஜூன் 7, சனி
"ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டா வாயி தேஞ்சா போவும்?" என்கிறாள் கிளாரா. தேயாதுதான். செய்யாத தப்புக்கு எதற்குக் கேட்க வேண்டும்? என் பெண்டாட்டிக்கே விளங்கவில்லை என்றால் சேட்டை என்ன சொல்ல.

ஜூன் 9, திங்கள்
டீசல் லாரி. முழங்கால் வீங்கிவிட்டது.

ராத்திரி கனி போன். "அண்ணாச்சி, நீங்க வந்து சார்ஜ் குடுத்தாத்தான் வண்டிய வாங்குவேன்னு சேட்டுகிட்ட சொல்லிட்டேன்." மலையில் நின்ற வண்டி என்று வேறு டிரைவர் எவனும் கிட்டப் போகவில்லையாம். வண்டி யார்டிலேயே நிற்கிறது.

உன் வேலையும் போயிரும்லே என்று திட்டினேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுகை வந்தது.

ஜூன் 10, செவ்வாய்
இன்றும் நிற்கிறது.

ஜூன் 11, புதன்
விடிந்ததும் சேட்டே கூப்பிட்டார். சேசுராஜ் பாய் என்று அண்ணன் முறை வைக்கிறார், இத்தனை வருஷத்தில் முதல்முறை. மன்னிப்பெல்லாம் வேண்டாம், வண்டியை எடுங்கள், தினம் வட்டி ஓடுகிறது என்றார். கனம் குறைந்த கண்டெய்னர் கொடுங்கள், முழுசாக சார்ஜ் ஏறாமல் நகர மாட்டோம் என்றேன். வட்டிக் கணக்கை மறுபடியும் ஒப்பித்தார். பிறகு சரி என்றார்.

இதைக் கலம்போலியில், சார்ஜரில் மாட்டிய வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மழை. கனி டீ வாங்கி வந்திருக்கிறான். சேட் இரண்டு முறை போன் செய்துவிட்டார், கிளம்பியாச்சா என்று கேட்கத்தான் இருக்கும்.

ஸ்கிரீனில் எழுபது சதவீதம் காட்டுகிறது. நான் போனை எடுக்கவில்லை. ஏறட்டும்.