புகைப் பரணில் மருந்துப் பெட்டி

பூண்டி,
9.6.2024

அன்புள்ள ஆக்ஸி அக்காவுக்கு,

ராஜகுமாரி எழுதுவது. பதினோரு வருஷம் கழித்து இவளுக்கு என்ன சோலி என்று நினைப்பீர்கள். போனில் பேசத் தைரியம் இல்லை.

நாம் இரண்டு நர்சுகளும் தங்கியிருந்த அறை இடிந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், ஒரே கம்பளிக்குள் காலை முடக்கிக்கொண்டு வெந்த கேரட்டில் மிளகுப்பொடி தூவித் தின்றது நினைவுக்கு வரும். நீங்கள் ஜெபம் சொல்வீர்கள், நான் பாதியிலேயே தூங்கிவிடுவேன்.

போன வாரம் பயிற்சிக்குப் போனேன். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றி. ஆக்ஸிடோசின் ஊசிமருந்து சூடு பட்டால் வீரியம் போய்விடும், பார்த்தால் தெரியாது என்றார் டாக்டர். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலுத்தாய் பிரசவத்துக்கு முன்னால், சாரலில் லேபிளெல்லாம் நமத்துப் போகிறதென்று மருந்துப் பெட்டியை அடுப்புக்கு மேலே புகைப் பரணில் ஏற்றியவள் நான். விதைப்பூண்டே அங்கேதானே கெடாமல் இருக்கிறது என்று நினைத்தேன். இந்தக் குளிரில் ஃப்ரிட்ஜ் எதற்கு என்று கேலி வேறு. இரண்டு வாரம் அங்கேயே இருந்தது.

ஊசி போட்டும் அவளுக்கு ரத்தம் நிற்காமல், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வந்ததே, அது உங்களால் அல்ல. என்னால். மன்னிப்பீர்களா?

உங்கள் ராஜி

கொடைக்கானல்,
17.6.2024

ராஜிக்கு,

கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்று மறுபடி மலையேறி வந்து ஒரு வருஷம் ஆகிறது. மூட்டுவலி தவிர நலம். நீதான் கேட்கவில்லை.

பெட்டிக்காக உன்மேல் கோபம் இல்லை. மருந்தை எடுத்தபோது கையெல்லாம் புகை வாசம். நானும் யோசிக்காமல்தான் போட்டேன். அது தெரியாமல் நடந்தது.

தெரிந்து நடந்தது ஒன்று உண்டு. பிள்ளை பிறந்ததும் நான் தொடையில் ஊசி போட்டபோது, நீ பிள்ளையைத் துணியில் ஏந்திப் பக்கத்திலேயே நின்றாய். விசாரணையில் "நான் பாக்கலைங்க" என்றாய். என்னை மலையிலிருந்து கீழே மாற்றினார்கள். பஸ் ஏறும்போது வேலுத்தாயின் மாமியார் இருளாயி, "ஊசியே போடாம போட்டேன்னு பொய் சொன்னவ" என்று மண்ணை வாரித் தூற்றினாள். நீ வெளியே வரவில்லை.

அந்த ஊரில் என் பேர் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. என்னிடம் மன்னிப்புக் கேட்டு என்ன செய்ய?

கம்பளியை நானும் மறக்கவில்லை.

ஆக்ஸிலியா

பூண்டி,
30.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை நிரந்தரமாகாத பயத்தில் பொய் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

நேற்று வெள்ளனே வேலுத்தாய் வீட்டுக்குப் போனேன். பத்துப் பேர் உட்கார்ந்து பூண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் பரணையும் சொன்னேன், பொய்யையும் சொன்னேன்.

வேலுத்தாய் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இன்னொரு புள்ள இல்லாமப் போனதுக்கு ஒங்கள என்ன செய்யணும்னு தெரியலங்க. ஆனா அந்தச் சிஸ்டர் ஆஸ்பத்திரி போற வரைக்கும் ஜீப்புல என் அடிவயித்த அமுக்கிக்கிட்டே வந்தாங்க. கைய எடுக்கவே இல்ல. அத நானும் ஊருல சொல்லாமத்தான இருந்துட்டேன்" என்று அழுதாள். அவள் மகள் சுசித்ரா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று நான் துணியில் ஏந்திய பிள்ளை.

இருளாயி எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு கட்டுப் பூண்டை இறக்கி என் பையில் வைத்தாள். "அந்தச் சிஸ்டருக்கு" என்றாள். பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

ஆபீசுக்கும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வருவது வரட்டும். பதில் எழுதாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன்.

ராஜி

கொடைக்கானல்,
8.7.2024

அன்பு ராஜி,

பூண்டு வந்தது. பிரித்ததும் அதே புகை வாசம். உட்கார்ந்து அழுதேன்.

உன் வேலைக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை பாதியில் தூங்காமல் நீயும் ஜெபி.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வா. கேரட் கொண்டுவா, மிளகு இங்கே இருக்கிறது. சாரல் பிடித்துக்கொண்டது. வீட்டில் கம்பளி ஒன்றுதான் இருக்கிறது.

உன் அக்கா