புள்ள இல்லாத ராஜா

மாசி மகம், திங்கட்கிழமை

காலையில கீழ்பென்னாத்தூர்ல இருந்து அண்ணன் வந்தாரு. அவரையும் என் பெரிய பொண்ணு தேன்மொழியையும் என் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு பள்ளிகொண்டாப்பட்டு ஆத்துக்குப் போனேன். நம்ம கோயில்ல கோபுரம் கட்டின வல்லாள ராஜாவுக்குப் புள்ள இல்ல. அதனால அண்ணாமலையாரே புள்ளயா இருந்து, வருஷா வருஷம் அங்க வந்து அவருக்குத் திதி குடுக்கிறாரு. வேற எந்த ஊர் சாமி இப்படிச் செய்யுது? எத்தனை தடவ பாத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்குது.

சாமி ஆத்துல இருந்து கரையேறினதும் அண்ணன் ஆரம்பிச்சாரு. "பாத்தியாடா, ராஜாவுக்கே ஆம்பள புள்ள தேவப்பட்டுச்சு. உனக்கு ரெண்டும் பொண்ணு. பேசாம என் சின்னவன சுவீகாரம் எடுத்துக்கோ."

சுவீகாரம் எடுத்தா என் பங்கு நிலம் அவர் பையனுக்குப் போயிடும். அதைப் பத்தி அவர் வாயே தொறக்கல. அதான் உறுத்துது.

தேன்மொழி கேட்டா. "பெரியப்பா, அந்த ராஜாவுக்குப் பொண்ணு இருந்துச்சா?"

"எந்தப் புள்ளயும் இல்லம்மா."

"அதான் சாமி வந்தாரு. எங்கப்பாவுக்கு நான் இருக்கேன். சாமிக்கு எதுக்கு வேல ஜாஸ்தி வைக்கணும்?"

பக்கத்துல நின்ன பூக்காரம்மா சத்தமா சிரிச்சுட்டாங்க. அண்ணன் விறுவிறுன்னு போய் ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டாரு.

இத்தனை வருஷமா சவாரி வர்றவங்களுக்கெல்லாம் 'புள்ள இல்லாத ராஜா'னு இந்தக் கதைய நான்தான் சொல்றேன். புள்ளனா பொண்ணும்தான்னு எனக்குத் தோணவே இல்ல. நாளைக்கு மொத சவாரியில இருந்து, என் பொண்ணு கேட்ட கேள்வியையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்.