மூன்று நாள் காட்டு விடுப்பு

மெல்பேர்ன்

அன்புள்ள அம்மாவுக்கு,

லெசியெலி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் ஒரு வேடிக்கை. ஒரு மாதமாக எனக்குப் படமே வரைய வரவில்லை. எங்கள் ஸ்டூடியோ முதலாளி கிரஹாம், "மேசைய விட்டுட்டு மூணு நாள் காட்டுப் பக்கம் போயிட்டு வா, சம்பளம் உண்டு" என்றார். சும்மா யார் சம்பளம் கொடுப்பார்கள்? "நான் போனதும் என் நாற்காலிக்கு வேற ஆளா?" என்று பக்கத்து மேசை ப்ரான்வினிடம் கேட்டேன்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்டி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

இரண்டு நாள் காட்டில் இதையே நினைத்து நடந்தேன். மூன்றாம் நாள் மழைக்கு ஒரு மரத்தடியில் ஒதுங்கினேன். வயிற்றுப் பையில் குட்டியோடு ஒரு வாலபியும், அதாவது சின்ன வகைக் கங்காருவும், வந்து ஒதுங்கியது. நான் குட்டியைத் திருட வந்தவள்போல என்னையே முறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழை விடுவதற்குள் பதினொரு படங்கள் வரைந்தேன்.

திரும்பினால் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. படங்களைப் புரட்டிய கிரஹாம், "போன வருஷம் எனக்கும் கை ஓடல. அதே காட்டுக்குத்தான் போனேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு ஆராதனையில் நீங்கள் பாடுவதைப் பதிவுசெய்து அனுப்புங்கள் அம்மா. இங்கே தனியாகப் பாடினால் எனக்குச் சுருதி நிற்பதில்லை. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்,
லெசியெலி