ப்ராசஸருக்கு வைத்த சந்தனப் பொட்டு

இன்று ஆயுத பூஜை. பொம்மனஹள்ளியில் நான் இப்போது இருக்கும் கட்டடத்தில் லிஃப்டுக்குக்கூட வாழைக்கன்று கட்டியிருக்கிறார்கள். காலையில் எதிர்வீட்டுப் பெண் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "ஆண்ட்டி, நீங்க டீச்சர். உங்க கையால ஒரு பொட்டு வெச்சுக் குடுங்க" என்று தன் லேப்டாப்பை நீட்டினாள். மூடியின் ஓரத்தில், எந்தத் துளையும் இல்லாத இடமாகப் பார்த்து வைத்தேன். ஈரச் சந்தனத்தின் வாசனை விரலிலேயே தங்கிவிட்டது. உன் சிரிப்பு காதில் கேட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க நீ சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு.

விவேக் நகரில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நீ கணக்கு, நான் பிசிக்ஸ். ஸ்டாஃப் ரூமில் ஒருவரையொருவர் பாடத்தின் பெயரால்தான் கூப்பிடுவோம். "என்ன பிசிக்ஸ், டப்பாவில இன்னிக்கும் தயிர்சாதம்தானா?" என்பாய். உன் வீடு சர்ச்சுக்குப் பின்சந்தில். என் வீடு அடுகோடியில், ஒரு லேத் பட்டறையின் மாடியில். நம்மைப் போலச் சிநேகிதிகள் உண்டா என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அதோடு இன்னொன்றும் உண்டு. உன்மேல் எனக்குப் பொறாமை. 'இருந்தது' என்று நான் எழுதவில்லை, கவனித்தாயா?

தொண்ணூறுகளின் கடைசியில் நீ ஒரு கம்ப்யூட்டர் செய்தாய். வாங்கினாய் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் ஒவ்வொரு பாகமாகத் தேடி எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, உன் சாப்பாட்டு மேசைமேல் நீயே ஒன்றோடொன்று பூட்டினாய். ஸ்டாஃப் ரூமில் அதே பேச்சு. பிரின்சிபால் மேடம் உன்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு காபி கொடுத்தார். அதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது, என் மகள் சுதா தினமும் காலேஜ் விட்டு நேராக உன் வீட்டுக்குப் போனதுதான்.

அவள் அப்போது பி.யூ.சி. இரண்டாம் வருடம், கம்ப்யூட்டர் சயன்ஸ். "ஆண்ட்டி வீட்ல ப்ரோக்ராம் போட்டுப் பார்க்கறேன்மா" என்பாள். விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். வந்ததும் "ஆண்ட்டி இப்படிச் சொன்னாங்க, ஆண்ட்டி அப்படிச் சிரிச்சாங்க" என்று ஒரே ஆண்ட்டி புராணம். நான் கரண்டியால் அடுப்பு மேடையில் தட்டிக்கொண்டே கேட்பேன். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே நீர் அரும்புவதை வகுப்பில் காட்டுவேன். "டம்ளர் ஓட்டையா மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை, அந்த நீர் முன்பே காற்றில் இருந்ததுதான், குளிர்ச்சி பட்டதும் கண்ணுக்குத் தெரிகிறது என்பேன். என் பொறாமையும் அதே மாதிரிதான். உன் கம்ப்யூட்டர் அதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தது, அவ்வளவே.

என் வீட்டிலும் ஒன்று இருந்தால் மகள் வீட்டில் இருப்பாள். இதுதான் என் கணக்கு. நானும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். "நாவே அசெம்பிள் மாடி கொடுத்தேவெ மேடம்" என்றார். தாங்களே பூட்டித் தருவார்களாம். வேண்டாம் என்றேன். நீ கையால் செய்ததை நான் கடையில் செய்து வாங்கினால் அது என்ன போட்டி? கூட வந்த என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஸ்க்ரூ டிரைவர் எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா உனக்கு?" என்றார். கடைக்காரர் ப்ராசஸர் சிப்பைக் கையில் கொடுத்தபோது அடிப்பக்கத்தைக் காட்டினார். சீப்புப் பல்லைவிட மெல்லிய ஊசிகள், வரிசை வரிசையாக, பொன்னிறத்தில். "ஒந்து பின் பெண்ட் ஆத்ரெ வாபஸ் இல்லா" என்றார். ஒரு ஊசி வளைந்தாலும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

அந்த வாக்கியம்தான் என் கையைக் கட்டிப்போட்டது. மற்ற பாகங்களை எடுத்து, பார்த்து, துடைத்து வைத்தேன். இதை மட்டும் தொட முடியவில்லை. எனக்கு விஷயம் தெரியாததால் வந்த பயம் என்று நினைக்காதே. அதிகமாகத் தெரிந்ததால் வந்தது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் தூக்கிக் காட்டும் டீச்சர் நான். உடம்பில் நிற்கும் மின்சாரம் ஒரு சிப்பை என்ன செய்யும் என்று தெரியாதா? நைலக்ஸ் புடவையை மாற்றிப் பருத்தி கட்டினேன். உடம்பு மின்சாரம் இறங்கட்டும் என்று ஜன்னல் கம்பியைத் தொட்டேன். வந்து டப்பாவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி ஜன்னல் கம்பி. கீழே லேத் ஓடும்போது மேசை அதிருகிறது என்று ஒரு நாளைத் தள்ளினேன். கரண்ட் போய்விடும் என்று இன்னொரு நாள்.

பிறகு ஒத்திகை ஆரம்பித்தேன். சதுர உப்பு பிஸ்கட்டை இரண்டு விரலால் பிடித்து, சத்தம் வராமல் தட்டில் வைக்க வேண்டும். சுதா பார்த்துவிட்டாள்.

"என்னம்மா பண்றே?"

"பிராக்டீஸ்."

"பிஸ்கட்டுக்கா?"

நான் அடுத்த பிஸ்கட்டை எடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஆண்ட்டியைக் கூப்பிடட்டா?"

வேறு எதை வேண்டுமானாலும் அவள் கேட்டிருக்கலாம்.

இதற்குள் ஆயுத பூஜை வந்தது. என் புத்தகங்கள், சாக்பீஸ் டப்பா, அவர் ஸ்கூட்டர் சாவி, அரிவாள்மணை, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துச் சாமி முன்னால் அடுக்கினேன். கம்ப்யூட்டர் பாகங்களையும் வைத்தேன். ப்ராசஸரை டப்பாவோடு வைத்தால் அது டப்பாவுக்குச் செய்த பூஜைதானே? மூடியைத் திறந்து, பஞ்சுமேல் கிடந்ததன் நெற்றியில், நட்டநடுவில், கெட்டியாகச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தேன். அழகாக இருந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நீ படியேறி வந்தாய். சுதாதான் சொல்லியிருக்கிறாள். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று பொய் சொன்னாய். மேசையிலிருந்த டப்பாவை எட்டிப் பார்த்தாய். கைக்குட்டை வாய்க்குப் போனது.

"அடிப்பாவி, சிப்புக்குப் பொட்டு வெச்சிருக்கே! பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

"உன் கம்ப்யூட்டருக்கு ஃபாதரைக் கூப்பிட்டுத் தண்ணி தெளிச்சியே, அது மட்டும் ஒழுங்கா?"

"ஃபாதர் டப்பா மேல தெளிச்சார்டி. சிப்பு மேல இல்ல."

சுதா சுவரில் சாய்ந்து சிரித்தாள். நீ சொல்லும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சிப்பின் தலைமேல் சூட்டை இழுக்கும் உலோகம் உட்கார வேண்டும். நடுவில் அதற்கென்று உள்ள வெள்ளைப் பசையைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. காய்ந்த சந்தனம் சூட்டை உள்ளேயே நிறுத்திவிடும். வெப்பம் கடத்தல், ஒன்பதாம் வகுப்பு, என் பாடம்.

"சந்தனம் குளிர்ச்சிதானே" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"உனக்குக் குளிர்ச்சி. அதுக்குப் போர்வை."

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நானே துடைத்தேன். ஊசிகளில் படாமல் மெதுவாகத் துடைத்து முடித்தபோதுதான் கவனித்தேன்: இத்தனை நாள் தொட பயந்த பொருளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கவனித்ததும் கை நடுங்க ஆரம்பித்தது.

நீ அதை வாங்கி இரண்டு நொடியில் பொருத்தியிருக்கலாம். என் மகளுக்கு முன்னால், என் வீட்டு மேசையில். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். கோபப்படவும் தயாராக இருந்தேன். நீ நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாய்.

"நான் தொடமாட்டேன். தொட்டா, நான் போட்ட கம்ப்யூட்டர்னு ஆயிடும். அப்புறம் நீ என்னை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டே."

"உனக்குப் பயமே இல்லையா அன்னைக்கு?"

"இல்லாம இருக்குமா பிசிக்ஸ்? கதவைத் தாழ் போட்டுக்கிட்டு ஜெபமாலையை எடுத்து வெச்சேன். நான் பயந்தேன், பார்க்க ஆள் இல்ல. அவ்ளோதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்."

பிறகு கேட்டாய்: "லேப்ல பசங்க தராசுல எடைக்கல்லு வெக்கறப்போ என்னன்னு கத்துவே?"

நான் யோசிக்காமல் சொன்னேன்: "மணிக்கட்டை மேசையில ஊன்று. மூச்சை விட்டுட்டு வை."

"கத்தினியே, கேட்டியா?"

மணிக்கட்டை மேசையில் ஊன்றினேன். நடுக்கம் பாதியானது. மூச்சை விட்டேன். மதர்போர்டில் சிப்பைப் பிடித்துக்கொள்ளும் சின்ன நெம்புகோலை ஏற்கெனவே நிமிர்த்தி வைத்திருந்தேன். மூலையில் இருந்த அடையாளத்துக்கு அடையாளம் சேர்த்து, சிப்பை இறக்கினேன். அழுத்தவே இல்லை. குழந்தை தூக்கத்தில் தலையணைக்குள் தலையைப் புதைப்பதுபோல அது தானாக உட்கார்ந்தது. நெம்புகோலைச் சாய்த்தபோது ஒரு முனகல் கேட்டது. எனக்கு உயிர் போயிற்று.

"போச்சு! ஒடஞ்சிடுச்சு!"

"ஒடையல. அது அப்படித்தான் முனகும். அழுத்து."

அழுத்தினேன். ஆயிற்று. சுதா கைதட்டி, ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். முதலில் உன்னை. பிறகு என்னை. நீ நாற்காலியில் கிட்டத்தில் இருந்தாய், நான் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தேன் என்று அப்போது மனதைத் தேற்றிக்கொண்டேன். அது போதவில்லை. என் பாடத்தையே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்தச் சாமர்த்தியத்துக்கும் பொறாமைப்பட்டேன். சாயங்காலம் கம்ப்யூட்டர் ஓடியது. என் வீட்டில், நான் பூட்டியது.

என் கணக்கு சரியாகத்தான் போனது. சுதா காலேஜ் விட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். திரைக்கு முன்னால் உட்காருவாள். எனக்கு முதுகு தெரியும். டிபன் தட்டை வைத்தால், "தாங்க்ஸ்மா." வேறு பேச்சு இல்லை. ஆண்ட்டி புராணம் நின்றது. அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. சுதா ஏன் வருவதில்லை என்று நீ ஸ்டாஃப் ரூமில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல என் தயிர்சாதத்தைக் கிண்டல் செய்தாய்.

பச்சை மொச்சை வரும் அவரேக்காய்க் காலத்தில், ஒரு நாள் அவள் மறுபடி லேட்டாக வந்தாள். "எங்கே போனே?" என்றேன். "ஆண்ட்டி வீட்டுக்கு." "அங்கே எதுக்கு? இங்கேதான் கம்ப்யூட்டர் இருக்கே?" அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "கம்ப்யூட்டருக்கு இல்லம்மா. சும்மா பேச."

மறுநாள் அவளுக்குப் பின்னாலேயே நானும் வந்தேன். உன் கதவு திறந்தே இருந்தது. கம்ப்யூட்டர் பூப்போட்ட துணிக்குள் மூடிக் கிடந்தது. நீங்கள் இருவரும் தரையில், ஊறவைத்த மொச்சைப் பருப்பை விரலால் பிதுக்கித் தோலை உரித்துக்கொண்டு, குனிந்து என்னவோ பேசிக்கொண்டிருந்தீர்கள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது. நான் இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ வகுப்புகளுக்குள் நுழைந்து, பேச்சு நிற்பதைக் கேட்டவள். அன்று நின்றதுதான் வலித்தது.

"வா பிசிக்ஸ், கை கழுவிட்டு உட்காரு. நெறைய இருக்கு" என்றாய்.

உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பல சாயங்காலங்கள் உட்கார்ந்தேன். உன் வீட்டில், உன் பக்கத்தில் இருந்தபோது மட்டும் சுதா என்னிடமும் பேசினாள். அந்தச் சாயங்காலங்களை நீ எனக்குத் தந்தாய் என்றும் தெரியும். ஆனால் என் மகள் பேசுவதை உன் வீட்டுக்கு வந்துதான் நான் கேட்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் மனதில் கிடக்கின்றன, பிரிக்கத் தெரியவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, உன்னை ஹோசூர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன அன்று சுதா ஹைதராபாத்திலிருந்து வந்துவிட்டாள். உன் தூரத்துச் சொந்தக்காரர்களில் ஒரு முதியவர் அவள் அழுவதைப் பார்த்து, "இறந்தவங்களோட பொண்ணா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் ஒரு கை தூரத்தில் மெழுகுவர்த்தியோடு நின்றுகொண்டிருந்தேன். நீ பெட்டிக்குள் இருந்தாய். அப்போதும், உனக்கு எதிராகத்தான் நின்றேன்.

போன வாரம் சுதா போன் செய்தாள். சுற்றிவளைத்துப் பேசினாள். மழை, பையன் பரீட்சை, வேலைக்காரி. கடைசியில், "அம்மா, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். பயமா இருக்கு. இன்னும் அவர்கிட்டகூடச் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்" என்றாள். நான் ரொம்ப நேரம் கேட்டேன். நீ கேட்பதுபோல, குறுக்கே எதுவும் சொல்லாமல்.

முதலில் என்னிடம். புரிகிறதா மேத்ஸ்? நேராக என்னிடம். போனை வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். இதை உன்னிடம் வந்து சொல்லி உன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. இதன் அருமை தெரிந்தவள் இந்த ஊரில் நீ ஒருத்திதான்.