பத்து நிமிஷ நிறுத்தம்

தை 4, செவ்வாய்

பனி. தெருவில் தறிக்குப் பாவு நீட்டினவர்கள் வெயிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நூலெல்லாம் ஈரம். எனக்குத் தலை பாரம்.

இந்த வருஷம் பொங்கல் வைக்கவில்லை. கோலமும் இல்லை. என் பெண் வசந்தா ஐப்பசியில் போய்விட்டாள். அந்தமானில். காமாலை. தந்தி கைக்கு வருவதற்குள் மாப்பிள்ளையும் மர மில்லில் அவரோடு வேலை செய்கிறவர்களும் மண்ணில் வைத்துவிட்டார்கள். பெற்றவள் முகம் பார்க்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடி போடவில்லை. பெண் செத்தால் அம்மா வீட்டுப் புதுப் புடவையைப் போர்த்தித்தான் எடுக்கவேண்டும். கேட்க ஆளில்லாதவளைப் போல எடுத்துப்போய்விட்டார்கள்.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. தறிக்குத் தார் நூல் சுற்றினால் கை பாதியில் நின்றுபோகிறது. இவர் தறியில் இருந்து குரல் கொடுக்கிறார், நூல் வந்ததா என்று.

சாயங்காலம் டூர் மாணிக்கம் வந்தார். வருஷா வருஷம் திருப்பதிக்கு பஸ் விடுகிறவர். இந்தத் தடவை கப்பலாம். மாசியில். மெட்ராசிலிருந்து அந்தமான்.

"யக்கா, கப்பல் கரையில நிக்கிற மூணு நாளும் நம்ம பஸ்ஸு. ஜெயிலு, பீச்சு, மர மில்லு, அல்லாம் காட்டிட்டு அதே கப்பல்ல இட்டாந்துடுவேன். சோத்துக்கு நம்ம சமையக்காரன். நீ இந்தி கிந்தி பேச வேணாம்."

"எனக்கு ஜெயிலு எதுக்குப்பா?"

"உன் பொண்ணை வெச்ச எடம் மில்லுக்குப் பின்னாலதானே? பஸ்ஸ நிறுத்தச் சொல்றேன். பத்து நிமிஷம். கும்பிட்டுட்டு ஏறிக்கோ."

பத்து நிமிஷம் என்று சொன்னதும் எனக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஏன் என்று தெரியவில்லை.


தை 6, வியாழன்

வெயில் நன்றாக. மிளகாய் காயப்போட்டேன்.

நாள் பூராவும் அதே நினைப்பு.

டூரில் போனால்: நாத்தனார் அலமேலு கூட வருகிறாள். சாப்பாட்டுக் கவலை இல்லை. மூன்று நாள் கரையில், உடனே திரும்பலாம். ஆனால் ஊர் சுற்றப் போகிற கூட்டம். பாட்டு பாடுவார்கள். நானோ வருஷம் திரும்பாத வீட்டுக்காரி.

தனியாகப் போனால்: அதே கப்பல்தான், வேறு கப்பல் இல்லை. டிக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு போவது. துறைமுகத்துக்கு மாப்பிள்ளை வருவார். அடுத்த கப்பல் வருகிறவரைக்கும் அவர் வீட்டில் இருக்கவேண்டும். மூன்று வாரமோ நாலு வாரமோ. கப்பல் ஆபீசில் கேட்டால் அவர்களுக்கே தெரியாதாம். பெண் இல்லாத வீட்டில் மாமியாருக்கு என்ன வேலை.

இவரைக் கேட்டேன். "பஸ்ஸுலயே போயிட்டு வாமே. நம்ம ஊரு ஜனம் கூட இருக்கும்" என்றார். அவர் வர முடியாது. தறியில் கல்யாணப் புடவை ஓடுகிறது. பாவு நூலை நடுவில் விட்டுவிட்டுப் போனால் முதலாளி அடுத்த பாவு கொடுக்க மாட்டார்.

டூர்தான் சரி. மாணிக்கத்திடம் சொல்லி அனுப்பினேன்.

துவரம் பருப்பு வாங்கணும். விளக்குத் திரி.


தை 7, வெள்ளி

குழாயடியில் நான் குடத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். பின்னால் ஒருத்தி, எனக்குக் கேட்கட்டும் என்றே,

"மவ போயி ஈரம் காயல, கப்பல்ல டூராம்."

அலமேலு விடுவாளா? "நீ செத்தா உன் மவ ஆரணி பஸ் ஸ்டாண்டத் தாண்டி வரமாட்டா. கம்முனு தண்ணி புடிடீ."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்பிள்ளையும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரித்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கோடி வாங்கினேன். நூல் புடவை. அரக்கு நிறம், மஞ்சள் கரை. இத்தனை பட்டுப் புடவை நெய்கிற வீட்டில் அவள் கட்டினது எல்லாம் நூல்தான். கல்யாணத்துக்கு ஒன்று பட்டு. அதுவும் முதலாளி தள்ளுபடி செய்த புடவை, கரையில் ஒரு இழை தப்பியது. மற்ற யாருக்கும் தெரியவில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். "இந்த எடத்த மடிப்புக்குள்ள வுட்டுக் கட்டிவுடும்மா" என்றாள்.


தை 10, திங்கள்

நோட்டீஸ் வந்துவிட்டது. ரோஸ் காகிதம். அலமேலு படிக்கச் சொல்லி நீட்டினாள், அவளுக்கு எழுத்து தெரியாது. நான் ஐந்தாவது வரை படித்தவள்.

முதல் நாள் ஜெயில். இரண்டாம் நாள் கடற்கரை. மூன்றாம் நாள் மர மில். அதற்குக் கீழே,

"கடல் கடந்து சுமங்கலியாய்ச் சென்ற ஆரணி வசந்தா பூவாடை தரிசனம். பத்து நிமிடம்."

மறுபடி படித்தேன். அலமேலுவுக்கு வாயெல்லாம் பல். "மாணிக்கம் நல்ல மனுசன்தான் அண்ணி. நம்ம பொண்ணு பேர அச்சுல போட்டுகினான் பாரு."

எங்கள் பக்கம் வழக்கம் உண்டு. புருஷன் இருக்கும்போதே செத்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். புதுப் புடவை, பூ, மஞ்சள் வைத்துப் படைப்போம். அந்த வீட்டுக்காரர்கள் வீட்டுக்குள்ளே செய்வது. ஜெயிலுக்கும் பீச்சுக்கும் அடுத்த வரியில் வருவது இல்லை.

மத்தியானத்திலிருந்து பெண்கள் வருகிறார்கள். அந்த நிறுத்தத்துக்காகவே ஐந்தாறு பேர் புதிதாய்ச் சேர்ந்தார்களாம். மேல் தெரு பூங்காவனம் மஞ்சளும் வளையலும் முடிந்து எடுத்து வந்தாள்.

"என் மவளுக்கு ஒரு புள்ளைய குடுன்னு உன் பொண்ணுகிட்ட கேக்கப் போறேன்க்கா."

"அவளுக்கே புள்ள இல்லியே பூங்காவனம்."

"அது அப்ப. இப்ப அவ சாமியாச்சே."

கோபிக்க முடியவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன்.

வசந்தாவுக்கு மல்லிகை வைத்தால் தலை வலிக்கும். கல்யாணத்தன்றே பிய்த்து எறிந்தாள். பக்கத்து வீட்டு ஆட்டைத் துடைப்பத்தால் அடித்துவிட்டு, அடிக்கவே இல்லை என்று என் தலைமேல் சத்தியம் செய்வாள். சாமியாம்.


தை 12, புதன்

மேகம். தறிக்கு வெளிச்சம் போதவில்லை.

அலமேலு வந்து கோடியைப் பிரித்துப் பார்த்தாள். "நூலா? பட்டுன்னு நெனச்சேன்." பிறகு மெதுவாக, "படைச்ச புடவைய ஒரு சுமங்கலிதானே கட்டணும் அண்ணி. என் மருமவளுக்குக் குடுத்துடு. வேற யாராச்சும் கை நீட்டுறதுக்குள்ள."

அது கோடி, படையல் இல்லை என்றேன். பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது என்றாள். சரிதான்.

அவள் போன பிறகு ஒன்று புரிந்தது. எழுதிவைக்கிறேன்.

நோட்டீசைப் பார்த்துக் கோபம் வந்தது நிஜம். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை முதலில் பிடித்துக்கொண்டது நான். பத்து நிமிஷம் என்றால் ஒரு கற்பூரம், ஒரு கும்பிடு, யாராவது கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். அந்த வீட்டுக்குப் போகவேண்டாம். அவள் சோறு ஆக்கின சட்டியைப் பார்க்கவேண்டாம். சீப்பில் முடி இருந்தால்? கொடியில் பாவாடை இருந்தால்? எல்லாவற்றுக்கும் பயந்துதான் பஸ்ஸைப் பிடித்தேன். சாப்பாட்டுக் கவலை என்பதெல்லாம் சும்மா.

தறிக்கிட்டே போய் நின்றேன். இவர் ஓட்டிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார்.

"உனக்கு இன்னாமே வேணும்?"

"அழணும்."

"அழேன். யாரு வாணாண்றது?"

"இங்க அழுதா உங்களுக்குக் கேக்குது."

 பாவில் அறுந்திருந்த இழையைத் தேடிப் பிணைத்தார். அவ்வளவு நேரம் ஒரு இழைக்கு ஆகாது. பிறகு என்னைப் பார்க்காமலே,

"நான் சோறு ஆக்கிக்குவேன். நீ அங்க இருந்துட்டு வா."


தை 14, வெள்ளி

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மாணிக்கத்தின் கடை. டூரிலிருந்து என்னை எடுத்துவிடச் சொன்னேன். கப்பல் டிக்கெட் மட்டும் போதும், பஸ் வேண்டாம், சமையல் வேண்டாம்.

"இன்னாக்கா பேஜார் பண்றே? உனக்காவத்தான் அந்த எடத்தையே போட்டேன்."

"அத எடுத்துடு."

"நோட்டீஸ் அடிச்சாச்சு. அதுக்குன்னே ஜனம் சேந்துகீது. நீ வந்தாலும் பஸ்ஸு நிக்கும், வராங்காட்டியும் நிக்கும்."

என் பெண்ணைக் கும்பிட நான் தேவையில்லை.  கடையில் இருந்த மற்றவர்கள் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"சரி, வாங்க" என்றேன். "நான் அங்கதான் இருப்பேன்."

அவர் பாவம். டிக்கெட் எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குத் தந்தியும் அவரே கொடுப்பதாகச் சொன்னார். தனியாகப் போகிறேனே என்று ஒரு எலுமிச்சம்பழம் வேறு கொடுத்தார், வாந்திக்கு.

வரும் வழியில்தான் நினைத்துப் பார்த்தேன். தேவிகாபுரம் தாண்டித் தனியாகப் போனதில்லை நான்.


மாசி. கப்பல்

என்ன கிழமை என்று தெரியவில்லை. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். அடித்தளத்தில் படுக்கை, ஒன்றின் மேல் ஒன்றாய். எண்ணெய் நாற்றம். எலுமிச்சம்பழம் ஒன்றும் செய்யவில்லை.

டூர்க்காரர்கள் அந்தப் பக்கம். முதல் நாள் பாட்டு, இரண்டாம் நாள் எல்லோரும் வாந்தி, பாட்டு இல்லை. அலமேலு புளிச்சோறு எடுத்து வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

"சொந்த நாத்தனார வுட்டுட்டு தனியா ஒரு மூலையில. ஜனம் இன்னா நெனைக்கும்?"

"உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். அவளுக்கும் வசந்தா அண்ணன் பெண்தானே.


மாசி. கரை இறங்கிய நாள்

மழை தூறல். மாசியில் மழை. எங்கே பார்த்தாலும் பச்சை, கண் கூசுகிறது.

மாப்பிள்ளை வந்திருந்தார். சட்டைக்குள் ஆளே இல்லை. "வாங்கத்தே" என்றார்.  என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கூட்டத்தில் யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், டூர் பஸ்ஸிலிருந்து. திரும்பவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே. மில்லுக்குப் பின்னால் மேடு. மரத்தூள் வாசனை. மண் அமுங்கியிருந்தது, நாலு கல். மாப்பிள்ளை தூரத்தில் போய் நின்றுகொண்டார்.

கோடியைப் போர்த்தினேன். நாலு பக்கமும் கல் வைத்தேன்.

அழுகை வரவில்லை. திட்டினேன். எதற்கடி இவ்வளவு தூரம் வந்தே, உடம்பு மஞ்சளித்தபோது ஒரு வரி போடக்கூடாதா, என்று என்னென்னவோ. வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாம். இருட்டும்வரை.


மூன்றாம் நாள்

காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். பஸ் மத்தியானம்தான் வந்தது. இறங்கி வந்தார்கள். என்னைப் பார்த்ததும் தள்ளி நின்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. யாரையும் விரட்டவும் இல்லை.

பூங்காவனம் மட்டும் கிட்டே வந்தாள். மஞ்சளையும் வளையலையும் வைத்தாள். பூ எடுத்தாள். "மல்லி வாணாம், தலை வலிக்கும் அவளுக்கு" என்றேன். உடனே தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள். மண்ணைத் தொட்டு ஏதோ கேட்டாள். கேட்கட்டும்.

மாணிக்கம் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஜல்தி, ஜல்தி, இருட்டறதுக்குள்ள கப்பலு."

அலமேலு என் தோளைப் பிடித்தாள். "வந்துடு அண்ணி. பஸ்ஸுல எடம் கீது. கப்பல்ல எப்படியும் ஏத்திக்குவாங்க."

வேண்டாம் என்றேன். ஹாரன் அடித்தார்கள். போனார்கள்.

பஸ் சத்தம் அடங்கினதும் அழுகை வந்தது. மாப்பிள்ளைக்குக் கேட்டிருக்கும். மில்லுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.


மறுநாள்

கப்பல் போய்விட்டது. ஊதினது கேட்டது.

இத்தனை நாள் வீட்டு வாசலில் படுத்தேன். இன்றைக்குத்தான் சமையல் இடத்துக்குள் போனேன். சட்டி கவிழ்த்தபடியே இருந்தது. மாப்பிள்ளை மில் கேன்டீனில் சாப்பிடுகிறாராம். அரிசி எதில் இருக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றார். மூன்று டப்பா திறந்து நானே கண்டுபிடித்தேன். புழு வைத்திருந்தது. புடைத்து, அடுப்பு மூட்டி, உலை வைத்தேன்.

புகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். வங்காளத்துப் பெண், இடுப்பில் குழந்தை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை. பிறகு கையில் இருந்த காலிக் கிண்ணத்தை நீட்டி, "இட்லி" என்றாள். அந்த ஒரு சொல்தான் தமிழில் வருகிறது அவளுக்கு.

இன்றைக்கு இல்லை, நாளைக்கு வா என்று கையைக் காட்டினேன்.

உளுந்து ஊறப் போட்டிருக்கிறேன். ஆட்டுக்கல் எங்கே என்று பார்க்கணும்.