சென்சார் மாற்றிய ஞாயிறு

நேற்று குன்னூரில் காருக்கு டயர் மாற்றப் போயிருந்தேன். கடைக்காரர் இடது முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். “ஏனுங்க சார், இந்த ஒயரைத் தலைக்குப் போடற ரப்பர் பேண்டுல யாருங்க கட்டுனது?” என்று சிரித்தார். சேறு அப்பிக் கிடந்தது, ஆனாலும் அறுந்திருக்கவில்லை. “எங்க ஊட்டுக்காரம்மா கட்டுனதுங்க” என்றேன். பிளாஸ்டிக் கட்டு ஒன்றைப் போட்டுவிட்டு ரப்பர் பேண்டை வெட்டப் போனார். அதுவும் இருக்கட்டும் என்று தடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து உன்னோடு பேச வேண்டும் போலவே இருக்கிறது.

உன் மூன்றாவது கீமோ முடிந்து, ஸ்கேன் எடுத்துவிட்டுக் கோயமுத்தூரிலிருந்து மலையேறி வந்த அன்றுதான் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் மெஷினைச் செருகிப் பார்த்து, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று வண்டிக்குச் சொல்கிற சென்சார் போய்விட்டது என்றார். “பிரேக் பிடிக்குமுங்க. ஆனா மழையில, இறக்கத்துல, ஒரேயடியா அழுத்தினா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கும்.” திங்கட்கிழமை ரிப்போர்ட் வாங்க நாம் மலையிறங்க வேண்டும். பார்ட் வரவில்லை என்று உன்னிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து ஒரு வாரம் தள்ளி வாங்கினேன்.

உண்மையில் பார்ட் இரண்டே நாளில் பஸ்ஸில் வந்துவிட்டது. வாங்கி, காரின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். வாடகைக் கார் பிடித்துப் போயிருக்கலாம். அதையும் நான் பேசவில்லை.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை காரில் குடை தேடப் போன நீ, அந்த அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தாய். பாக்டரி ஸ்டோரில் பதினெட்டு வருடம் போல்ட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுத்தவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“வரலீனு சொல்லிப்போட்டீங்க?”

நான் பெட்டியை வாங்கக் கை நீட்டினேன்.

“உங்களுக்கு லைட்டு எரியறது பயமா, ரிப்போர்ட்டு வர்றது பயமா?”

கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ ஸ்வெட்டர் கையை மடக்கிவிட்டு, “சரி, ஜாக்கியை எடுங்க. நாமளே மாட்டலாம்” என்றாய்.

நம் லைன் வீடுகள் பக்கம் சமதரை என்றால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான். வண்டியை அங்கே நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, போனில் ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நீ சொன்னாய், நான் செய்தேன். நட்டுகளை லேசாகத் தளர்த்தி, வண்டியைத் தூக்கி, சக்கரத்தை எடுத்தேன். ஒயரின் இணைப்பைப் பிரித்தேன். சென்சாரைப் பிடித்திருந்தது ஒரே ஒரு போல்ட்தான். அது சுலபமாக வந்துவிட்டது. சென்சார் வரவில்லை. மலைநாட்டு ஈரத்தில் துரு பிடித்து இறுகியிருந்தது. பிளையரால் பிடித்துத் திருகினேன். சென்சாரின் தலை முறிந்து கையோடு வந்தது. உடல் ஓட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

இதை இதுவரை நான் சொன்னதில்லை. அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. நாளைக்கும் போக வேண்டாம் என்று. நிமிர்ந்து பார்த்தேன். என் முகத்தில் அதைப் படித்துவிட்டு நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

எழுந்து வந்து, முட்டி போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாய். துருவை இளக்குகிற எண்ணெயை நீயே ஊற்றினாய். அரை மணி நேரம் ஊறட்டும் என்று டீ போட்டுவரச் சொன்னாய். பிறகு மூக்குப் பிளையரை என் கையில் வைத்து, “உள்ள தள்ளிப்போடாதீங்க. துணுக்குத் துணுக்கா வெளிய எடுங்க. அவசரமில்லீங்க” என்றாய். எடுத்தேன். கடைசித் துண்டு வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. ஓட்டையை உப்புத்தாளால் தேய்த்துப் புது சென்சாரை வைத்ததும் பொருந்தி உட்கார்ந்தது. ஒயரைப் பிடிக்கிற கிளிப்தான் உடைந்திருந்தது. தலையில் முடி கொட்டிப் போன பிறகும் பழக்கத்தில் மணிக்கட்டில் போட்டிருந்த ரப்பர் பேண்டை உருவி, ஒயர் சக்கரத்தில் உரசாதபடி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாய். “தலையிலதான் இதுக்கு வேலையில்லை, இங்கயாச்சும் ஆகட்டும்.” நீ சிரித்தாய். என்னால் முடியவில்லை.

மார்க்கெட் வரை ஓட்டிப் பார்த்தோம். பாதி வழியில் விளக்கு அணைந்தது.

திங்கட்கிழமை நல்ல மழை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், “ரெண்டாம் கியர்லயே போங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தாய். ரிப்போர்ட்டில் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. டாக்டர் சொல்லி முடித்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, “போன வாரமே வந்திருந்தா மாறியிருக்குங்களா?” அவர் இல்லை என்றார். எனக்காகத்தான் கேட்டாய் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

திரும்பும்போது பர்லியாறில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்கினோம். நீ உரித்துக் கொடுக்க, நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். உன்னுடைய ஒரு வாரத்தை வீணாக்கிவிட்டேன் என்றேன்.

“வீணாங்க?” என்றாய். “அந்த வாரம் ஊசி இல்லை, வாந்தி இல்லை. ரசஞ்சோறு ருசியாத் தெரிஞ்சுது. நீங்க பயந்துக்கிட்டு எனக்குக் குடுத்த லீவுனு வெச்சுக்கறனுங்க.”

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாய்.

பொய் சொன்னதற்கு என்னை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. ஆனால் நீ லீவு என்று பெயர் வைத்த பிறகு அந்த ஏழு நாளும் ஒவ்வொன்றாக எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. செவ்வாய்க்கிழமை வாசலில் வெயில் இருந்தது. முறத்தில் பட்டாணி உரித்தாய். புதன்கிழமை மத்தியானம் என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாய். எழுப்ப மனமில்லாமல் கை மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை இரவு, “இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க” என்று தட்டை நீட்டினாய்.