டம்ளரில் குலுக்கிய சீட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

முதலில் என் மானம் போன கதை. கம்பெனியில் பெட்டியில் மேலாக இருப்பதையே எடுத்துப் பார்த்தால் அது சோதனையே இல்லை, சீட்டுப் போட்டு எடுங்கள் என்று உன் புள்ளியியல் பாடத்தைச் சொல்லித் தந்தாயே. அதன்படி டீ டம்ளரில் நம்பர் சீட்டுகளைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் சூப்பர்வைசர். "பெரியவரே, வேலை நேரத்துல லாட்டரியா? முதல் பரிசு என்ன?" மொத்த ஷெட்டும் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

சீட்டில் வந்தபடி பெட்டியின் மேலிருந்தும் அடியிலிருந்தும் கேஸ் அடுப்புக் குழாய்களை உருவி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்தேன். மேலே இருந்தவை கம்மென்று கிடந்தன. அடியில் இருந்தவை குமிழி குமிழியாகக் கக்கின. அடுத்த பெட்டியும் அப்படியே. நான் மேலாகத்தான் எடுப்பேன் என்று தெரிந்தே யாரோ அடுக்கியிருக்கிறார்கள். சூப்பர்வைசரிடம் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு நாற்காலி போட்டார். அந்த அறையில் எனக்கு நாற்காலி உண்டென்றே இதுவரை தெரியாது, நுனியில்தான் உட்கார்ந்தேன். இனி பழையபடி மேலாகவே எடுங்கள் என்றார். பிறகு குடும்பத்தை விசாரித்தார். மகள் எந்த ஊரில், எந்த விடுதியில் என்று. பெயர் மறந்துவிட்டது சார் என்றேன். என் ஞாபகமறதியால் ஒரு பிரயோசனம்.

இப்போது தொட்டி பக்கத்தில் புதிதாக ஒரு ஆள் நிற்கிறார். வேலை எதுவும் செய்வதில்லை. சாயங்காலம் நான் ஏறும் பஸ்ஸிலேயே ஏறி, நம் தெருவிலேயே இறங்குகிறார். புது சிநேகிதர் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ உளறிவிடாதே.

இன்றைக்கும் அடியிலிருந்துதான் எடுத்தேன். ஏதோ ஒரு வீட்டு அடுப்படிக்குத்தானே அது போகிறது? கசிந்த குழாய் இரண்டைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் பேராசிரியரிடம் கொடு. எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த லீவுக்கு வராதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று வைத்துக்கொள். தனியாக வெளியே போகாதே. நன்றாகப் படி. நன்றாக இரு, பாப்பா.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அன்று அந்த நாற்காலியிலிருந்து நான் எழுந்தபோது மேனேஜர் கேட்டார், "இந்தச் சீட்டு யோசனையெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?"

"நானாத்தான் சார், பொழுது போகாம."

"உங்களுக்கா?" என்று மேலும் கீழும் பார்த்தார்.

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் மகள் சார், என் மகள் சொல்லிக் கொடுத்தாள்.

உன் அப்பா